மலையில் ஒரு பழைய கொரோலா 101: வீட்டிலேயே பராமரித்து ஓட்டிய அனுபவம்

எங்களிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 101. 1331 சீசீ, 4ஈ-எஃப்ஈ இஞ்சின், ஐந்து கியர் மெனுவல். மீட்டர் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்து வருடத்துக்கும் மேலாக இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் வைத்து ஓட்டுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று அன்றாட ஓட்டம், இடையிடையே கினிகத்தேனை வழியாகக் கொழும்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த வயதுக் கார்களுக்கே விலை ஏறிப்போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள், சரி, ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் நம்மில் பலருக்கு இன்னும் எட்டாத விலைதான். இருக்கிற காரை நல்லபடி வைத்திருப்பது எப்படி என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கையேட்டில் இருக்கிற கிலோமீட்டர் கணக்கை மலையில் அப்படியே நம்ப வேண்டாம். ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்கு 45 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். பாதிக்கு மேல் இரண்டாம், மூன்றாம் கியரில்தான் போகிறோம். அநுராதபுரம் பக்கம் நேர் ரோட்டில் அதே தூரம் ஓடும் காரை விட நம் கார் இஞ்சின் எவ்வளவோ கூடுதலாகச் சுற்றுகிறது. பிரேக்கும் கிளச்சும் தேய்வதைக் கேட்கவே வேண்டாம். 5000 கிலோமீட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாலும் நான் 4000இல் இஞ்சின் ஒயிலை மாற்றிவிடுகிறேன். மூன்று லீட்டர் சொச்சம் ஒயில், ஒரு ஃபில்டர், அவ்வளவுதான் செலவு. ஃபில்டரை மட்டும் தெரிந்த கடையில் வாங்குங்கள். டொயோட்டா பெட்டியில் வரும் போலி ஃபில்டர்கள் நிறைய.

இனி இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் விஷயம். என் அனுபவத்தில் மலையில் பழைய கார்களின் ஆயுளைக் குறைப்பது முக்கியமாக இதுதான்.

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அப்படிக் கொதிக்காமல் இருப்பதற்கு அதன் மூடிதான் காரணம். மூடியின் மேல் 0.9 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெளிக்காற்றை விட அந்த அளவு (சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ) கூடுதல் அழுத்தம் நின்றால் நுவரெலியாவிலும் 115 பாகை வரை தண்ணீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்த அழுத்தம் நிற்காது. ஏப்ரல் சீசனில் ரம்பொடை வளைவுகளில் பொனட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் கார்களைப் பார்த்தால் எனக்கு முதலில் அந்த மூடியின் நினைவுதான் வரும். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்கவே கூடாது, கை முகமெல்லாம் வெந்துவிடும்.

அடுத்தது உள்ளே ஊற்றும் தண்ணீர். தோட்டங்களில் பீலித் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவது வழக்கம். குடிக்கிறோமே, காருக்கு என்ன என்று நினைப்பார்கள். குடிக்க நல்ல தண்ணீர்தான், ஆனால் அதில் துரு தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. நான் இந்தக் காரை வாங்கிய புதிதில் அடிக் குழாயைத் திறந்துவிட்டபோது செங்கல் கரைத்த மாதிரி வந்தது. தண்ணீர் தெளியும்வரை விட்டு விட்டுக் கழுவி, அதற்குப் பிறகுதான் துரு தடுக்கும் மருந்து உள்ள கூலண்ட் ஊற்றினேன். காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றுகிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஊற்றிய பிறகு மூடி இல்லாமல் இஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கும்வரை பார்த்திருந்து மூட வேண்டும். இதை அவசரத்தில் செய்ய முடியாது. கராஜில் அவசரத்தில்தான் செய்வார்கள். வீட்டில் செய்வது மேல் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டெட். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார் சூடாகிறது என்று போனால் பல கராஜ்களில் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "தம்பி, இது நம்ம நாட்டுக்குத் தேவையில்ல" என்று பாஸ் (மெக்கானிக்) சொல்வார். என் காரிலும் முன்பு வைத்திருந்தவர் காலத்திலேயே கழற்றியிருந்தார்கள். கொழும்பு வெயிலில் எப்படியோ, ஜனவரியில் புல்லில் பனி உறையும் ஊரில் அது பெரிய கெடுதல். சூடு காட்டும் மீட்டரின் ஊசி அடியை விட்டு நகராது. இஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று இஞ்சினின் கம்பியூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டி அடிக்கும். ஹீட்டரில் குளிர்காற்று வரும், கண்ணாடியில் படியும் மூட்டத்தைத் துடைத்துத் துடைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். 82 பாகையில் திறக்கும் புதிய தெர்மோஸ்டெட் ஒன்று வாங்கினேன். பூட்டுவதற்கு முன் சோதிப்பது சுலபம். வேண்டாத பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மோமீட்டரையும் வைத்துச் சூடாக்குங்கள். எண்பதைத் தாண்டும்போது நடுத் தட்டு மெல்ல எழும்பும், ஆறவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். விளிம்பில் ஆடுகிற சின்ன ஊசி மாதிரி ஒன்று இருக்கும், பூட்டும்போது அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அதுதான். பூட்டிய பிறகு மீட்டர் ஊசி பாதிக்குச் சற்றுக் கீழே வந்து அங்கேயே நிற்கிறது. பெட்ரோல் செலவும் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

பிரேக்குக்கு வருவோம். கினிகத்தேனையில் இருந்து கித்துல்கலை வரை இறங்குபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் கியரில் இஞ்சினை வைத்தே காரைப் பிடித்து இறக்க வேண்டும் என்று லொறிக்கார அண்ணன்மார் சொல்வது முழு உண்மை. ஆனால் பிரேக் ஒயிலின் வயதை அநேகம் பேர் பார்ப்பதே இல்லை. டொட் 3 (DOT 3) வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. அது காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் சரக்கு. ஈரம் ஏறிய பிறகு அந்தக் கணக்கு 140 பாகைக்கு இறங்கிவிடும். மழையும் மூட்டமுமாக இருக்கும் ஊர் நம் ஊர். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி, உள்ளே ஒயில் கொதித்து ஆவியானால், மிதி தரை வரை போகும், கார் நிற்காது. டொட் 4 வாங்கினால் இன்னும் நல்லது, புதிதில் 230, ஈரத்தோடு 155.

பிரேக் ஒயிலை மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். எனக்கு உதவி மனைவி. பிரேக் மிதி தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்குங்கள். ஒயிலைத் திறந்துவிடும் நிப்பிளில் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள் வையுங்கள். "மிதி" என்றதும் அவர் மிதித்துப் பிடிப்பார், நான் நிப்பிளைத் திறப்பேன், ஒயில் வரும், மூடிய பிறகுதான் "விடு" என்பேன். முதலில் வருவது பிளேன்டீ நிறத்தில் இருக்கும், அப்புறம் மெல்ல மெல்லத் தெளிந்த பொன்னிறம் வரும். மேலே டாங்கியில் ஒயில் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றிக் காற்று உள்ளே போய்விட்டால் எல்லாம் முதலில் இருந்து. பெயின்டில் ஒயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ட் உரிந்துவிடும்.

முன் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேட் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்பக்கம் தேய்ந்து வெளிப்பக்கம் தடிப்பாக இருந்தால், பேட்டை அழுத்தும் கேலிப்பர் வழுக்கி ஓட வேண்டிய கம்பி ஈரத்தில் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று அர்த்தம். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கு என்றே வரும் சிலிக்கன் கிரீஸைப் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பின்னால் டிரம்மில், சிலிண்டரின் ரப்பர் தொப்பியைச் சற்று விலக்கிப் பார்த்தால் போதும். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. செக் இஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேனர் தேடி அலைய வேண்டியதில்லை. பொனட்டுக்குள் சோதனைப் பெட்டி ஒன்று இருக்கும், மூடியைத் திறந்தால் உள்பக்கத்திலேயே எந்தத் துளைக்கு என்ன பெயர் என்று எழுதியிருக்கும். டீஈ1, ஈ1 என்ற இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டால் லைட் விட்டு விட்டு எரியும். இடைவெளி மாறாமல் ஒரே சீராக விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு இல்லை. இரண்டு தடவை எரிந்து, நின்று, மறுபடி இரண்டு தடவை என்றால் 22, தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சர். 31 என்றால் காற்றழுத்தம் பார்க்கும் சென்சர். எனக்கு 22 வந்தது. மல்டிமீட்டரில் அந்த சென்சரைப் பார்த்தால் 20 பாகையில் 2000 முதல் 3000 ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் காட்ட வேண்டும். என்னுடையது எதுவுமே காட்டவில்லை. சென்சரை மாற்றினேன், காலையில் ஸ்டார்ட் எடுக்கும் தொல்லை அன்றோடு போயிற்று. அதற்கு முன்பு ஒரு கராஜில் பெட்ரோல் பம்ப்பையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

அந்த 31ஆம் எண் சென்சருக்கும் மலையில் பெரிய வேலை இருக்கிறது. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதைப் பார்த்துத்தான் இந்த இஞ்சின் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. இதற்கு முந்திய 90 கொரோலாவின் காப்ரேட்டருக்கு அது தெரியாது, மேலே ஏற ஏறக் கரும்புகை தள்ளும். இரண்டில் ஒன்றை வாங்க யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். வருடா வருடம் புகைப் பரிசோதனைக்கும் போக வேண்டுமே.

மூட்டம் விழும் மாதங்களில் காலையில் இஞ்சின் இருமினால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே முத்து முத்தாக ஈரம் நிற்கும், செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் அன்றைக்கு ஓடும். பச்சை ஏறிய மூடியை மாற்றத்தான் வேண்டும். பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர்.

2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீட்டர் என்று கொடுத்த காலத்தில் எல்லோருமே டாங்கியின் அடிமட்டத்தில் ஓட்டினோம். அந்தக் கசடெல்லாம் பெட்ரோல் ஃபில்டரில்தான் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு மாற்றாதவர்கள் மாற்றிவிடுங்கள். பைப்பில் அழுத்தம் நிற்கும், ஆகவே பட்டரி வயரைக் கழற்றி, இஞ்சின் ஆறிய பிறகு, துணி சுற்றி நட்டை மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஜாலிக்குள் சவுக்கு இலை விழுந்து மக்கி, தண்ணீர் போகும் துளையை அடைத்துவிடும். கால்மிதி நனைந்து தரைத் தகடு துருப்பிடிப்பது அங்கிருந்துதான். மழைக்காலம் தொடங்குமுன் கையை விட்டு அள்ளிப் போடுங்கள்.

மலையில் இந்த வேலைகளைச் செய்ய உண்மையான தடை சமதரை இல்லாததுதான். வீட்டு வாசலே சரிவு. சரிவில் ஜாக் வைத்துக் காருக்கு அடியில் போவது உயிரோடு விளையாடுவது. நான் கோயில் முற்றத்தில் பூசகர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு நிறுத்துகிறேன். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டும் வைத்த பிறகுதான் அடியில் போவேன்.

கிளச், பந்து மூட்டு, டைமிங் பெல்ட் மூன்றையும் நான் தொடுவதில்லை, ஹட்டனில் நம்பிக்கையான பாஸ் ஒருவரிடம் கொடுக்கிறேன். சாமானை மட்டும் நானே கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பார்த்து வாங்கி வந்து கொடுப்பேன். பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய கார் வாங்கியவர்களுக்குக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரிய வழியில்லை. அப்படியென்றால் வாங்கியதும் மாற்றி, தண்ணீர் பம்ப்பையும் பெல்ட் உருளையையும் அதோடு சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், அவற்றுக்காகப் பிறகு இன்னொரு தடவை கழற்றினால் கூலி இரட்டிப்பாகும். திகதியையும் மீட்டர் கணக்கையும் பெல்ட் மூடியின் மேல் பெயின்டில் எழுதிவிடுங்கள்.