தொங்கு தொட்டியில பெட்டூனியா வாங்குறவங்க வேரைப் பாத்து வாங்குங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இருக்கவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிச்சிட்டு அப்புறம் செடி வாங்கப் போங்க.

மாசி மாசக் கடைசியில எங்க அப்பச்சிக்கு அறுபது சாந்தி, கானாடுகாத்தான் வீட்லதான் வச்சிருந்தோம். முகப்புல தூணுக்குத் தூண் பூ தொங்குனா எவ்ளோ நல்லாருக்கும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. ரோட்டோரத்துல இருக்க ஒரு நர்சரில தொங்குற பெட்டூனியா பதினாலு தொட்டி, ஒண்ணு 380 ரூவா, மொத்தம் 5,320 குடுத்து வாங்குனேன். பில் கேட்டதுக்கு "நம்ம ஊருக்குள்ள என்னக்கா பில்லு"ன்னாரு அந்தத் தம்பி, நானும் விட்டுட்டேன். வருஷம் பூரா பூக்கும், வெயிலெல்லாம் ஒண்ணும் செய்யாதுன்னு அடிச்சு சொன்னாரு.

விசேஷம் முடிஞ்ச நாலாம் நாளே ஆறு தொட்டில செடி வாடித் தொங்கிப்போச்சு. தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துனேன், மறுநாள் இன்னும் மோசம். ஒண்ண லேசா இழுத்தேன், அப்படியே கையோட வந்துருச்சு, வேரே இல்ல! பூத்த கொம்பா ஒடிச்சு நாலஞ்சு ஒரே தொட்டில சொருகி வச்சிருக்காங்க. மீதி எட்டுல வேர் இருந்துச்சு, ஆனா தொட்டிக்கு அடியில ஓட்டையே போடல, உள்ள வெறும் கோகோபீட்டு (தேங்காய் நார்த்தூள்), சொதசொதன்னு ஊறி வேரெல்லாம் கருத்து நாத்தமடிக்குது. போன் பண்ணா "நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க"ன்னாரு, அதுக்கப்புறம் போனே எடுக்கல. அப்பத்தா இன்னிக்கும் அந்த வெறுங்கொக்கியப் பாத்துப் பாத்து வருத்தப்படுறாங்க, அதான் எனக்குப் பணத்தவிட பெரிய வேதனை.

பெட்டூனியா நம்ம ஊர்ல குளிர்காலப் பூ. கார்த்திகை மார்கழில நாத்து வச்சா தை மாசி வரைக்கும் நல்லா பூக்கும், பங்குனி வெயில் ஏற ஏற காஞ்சிடும், செம்மண் காட்டு வெக்கைல அது நிக்காது. மாசி கடைசியில வந்து வருஷம் பூரா பூக்கும்னு ஒருத்தர் சொன்னா அங்கேயே கிளம்பிடுங்க. வாங்குறதா இருந்தா கடையிலயே தொட்டிய தூக்கி அடியில ஓட்டை இருக்கான்னு பாருங்க, செடியோட அடித்தண்ட ரெண்டு விரல்ல புடிச்சு லேசா அசைச்சுப் பாருங்க, வேர் புடிச்ச செடின்னா மண்ணோட சேந்து அசையும், சொருகுன கொம்புன்னா தனியா ஆடும். பூ நெறைய இருக்கத விட மொட்டு நெறைய இருக்க செடியா எடுங்க.

வீட்டுக்குக் கொண்டாந்ததும் செம்மண், மக்குன எரு, கோகோபீட்டு மூணும் கலந்து மாத்தி வைங்க. காலைல அஞ்சாறு மணி நேரம் வெயில் வேணும், மேல் மண்ணு காஞ்சாதான் தண்ணி, அதுவும் பூ மேல படாம அடியில. வாடுன பூவ விதை கட்டுறதுக்கு முன்னாடி கிள்ளிடணும். கொடி நீளமாப் போயி நடுவுல மொட்டையா ஆனா பாதிக்கு வெட்டி விடுங்க, திரும்பத் தளிர்க்கும்.

வெயில் காலத்துக்குத் தொங்கப் போட பத்துமணிப்பூ போதும். ஒரு கொம்ப ஒடிச்சு வச்சாலே புடிச்சுக்கும், யார் வீட்லயும் கேட்டா தருவாங்க. நான் மீதி தொட்டிக்கெல்லாம் கம்பிய சூடாக்கி ஓட்டை போட்டு அதத்தான் வச்சிருக்கேன், ரோஸும் மஞ்சளும் இப்பதான் எட்டிப் பாக்குது.