முடக்குவாதக் கால்களுக்கு ஒரு பாதப் பராமரிப்புப் பிரிவு: மூன்று முறை சென்ற அனுபவம்

மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதத்தின் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் வழக்கமாக எண்ணும் 28 மூட்டுகளில் பாதத்தின் மூட்டு ஒன்றுகூட இல்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் ஆகியவற்றோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளாக இந்த நோயோடு வாழும் எனக்கோ காலையில் முதல் அடி வைத்ததுமே வலிப்பவை கால்விரல்களின் அடிமூட்டுகள்தாம். ஆகவே, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பாதப் பராமரிப்புப் பிரிவுக்கு என் மருத்துவர் அனுப்பியபோது பெரிதும் எதிர்பார்த்துச் சென்றேன்.

அது சர்க்கரை நோயாளிகளை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட பிரிவு. முதல் நாள் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கால் மரத்துப்போவது சர்க்கரை நோயாளிகளுக்குப் பேராபத்து என்பதால் அச்சோதனை அவசியமானதே. ஆனால் என் சிக்கல் மரத்துப்போவதன்று, வலி. வீங்கிய மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும் சோதனையை, இரண்டாம் முறை நானே கேட்ட பிறகுதான் செய்தார்கள்.

அங்கே எனக்கு உண்மையான நன்மை செய்தவர் காலணி செய்பவர். முடக்குவாதத்தில் விரல்கள் மேல்நோக்கி வளைந்து, முன்பாதத்தின் கொழுப்பு மெத்தையும் விரல்களை நோக்கி நகர்ந்துவிடுவதால், எலும்பின் முனைகள் நேரடியாகத் தோலில் அழுந்திக் காய்ப்பு உண்டாகிறது. அவர் காய்ப்பு இருந்த இடங்களில் மையிட்டு, என்னை எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் அட்டையின்மேல் நிற்கவைத்து, விழுந்த புள்ளிகளுக்கு நேர் கீழே அல்லாமல் சற்றுப் பின்னால் ஒரு சிறு திண்டை ஒட்டினார். திண்டு வலிக்கும் இடத்திலேயே இருந்தால் வலி கூடும் என்று பொறுமையாக விளக்கவும் செய்தார். காய்ப்பைச் சீவியதால் கிடைத்த ஆறுதல் இரண்டு வாரத்தில் போய்விட்டது. இந்தத் திண்டு தந்த ஆறுதல் இன்றும் இருக்கிறது.

ஆனால் செருப்பின் வாரில் இருந்தது உலோகக் கொக்கி. கைவிரல்களும் வீங்கிய ஒருவரால் குனிந்து அதை மாட்ட முடியாது என்பது ஏனோ யாருக்கும் தோன்றவில்லை. கேட்டபின் வெல்க்ரோ பட்டை வைத்துத் தந்தார்கள். இதைவிட என்னை வருத்தியது, கத்தியால் காய்ப்பைச் சீவுமுன் நான் என்ன மருந்து உட்கொள்கிறேன் என்று ஒருவரும் கேட்காதது. முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலை அடக்குபவை. சிறு கீறலும் எங்களுக்குப் புண்ணாகலாம். நேரமும் காலை எட்டு மணிக்கே தருகிறார்கள். விறைப்பு தளராத அந்த வேளையில் படியேறுவதே கடினம்.

பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல், பாதச் சிக்கல் உள்ள முடக்குவாத நோயாளிகள் அனைவருக்கும் பாத மருத்துவரின் பரிசோதனையும் குறித்த கால மறுபரிசோதனையும் கிடைக்க வேண்டும் என்கிறது. இங்கே மறுபரிசோதனைக்கு அவர்களாக அழைப்பதில்லை. நாமே நினைவு வைத்துச் செல்ல வேண்டும். இத்தனைக்கும் பிறகு, முடக்குவாதம் உள்ளவர்கள் இப்பிரிவுக்குச் செல்லலாம் என்றே சொல்வேன். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள், பதினொரு மணிக்குப் பிறகு நேரம் கேளுங்கள், காலணி செய்பவரை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.