ஒரே ஆல்பம், இரண்டு மிக்ஸ்: எதைக் கேட்பது?

ஒரே பாட்டு, ஒரே வாசிப்பு, ஒரே குரல். ஆனாலும் ஒரு பதிப்பைக் கடைசிவரை கேட்க முடிகிறது. இன்னொன்றை நாலாவது பாட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன்னால் மிக்ஸையும் (தனித்தனியாகப் பதிவான கருவிகளையும் குரலையும் அளவு பார்த்துக் கலப்பது) மாஸ்டரிங்கையும் (கலந்ததை வெளியீட்டுக்காகக் கடைசியாகச் செப்பனிடுவது) கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இரண்டு விதமாக வெளிவந்த சில ஆல்பங்களை மாற்றி மாற்றிக் கேட்டதில் எனக்குப் பட்டது இது: எந்தக் கருவி எவ்வளவு கேட்க வேண்டும் என்ற கணக்கு தப்பினால் காது பழகிக்கொள்ளும். சத்தத்துக்காக, மெதுவானதும் உரத்ததும் ஒரே உயரத்தில் நிற்கும்படி எல்லாவற்றையும் நசுக்கினால் பழகாது. இந்த விதிக்கு ஓர் ஆல்பம் மட்டும் அடங்க மறுக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா. 2008-இல் வந்த ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தின் சிடியையும், அதே சமயத்தில் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமுக்காக வெளிவந்த வடிவத்தையும் ரசிகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேமுக்கு ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடமாகத் தேவை என்பதால், சிடிக்குக் கொடுத்த இறுதி நசுக்கல் அதில் விழவில்லை. கணினித் திரையில் பார்த்தால் சிடியின் ஒலிவடிவம் செங்கல் மாதிரி மட்டமாக நிற்கிறது. கேம் வடிவத்தில் மேடு பள்ளம் தெரிகிறது. காதிலும் அதேதான். சிடியில் ஸ்நேர் டிரம்மின் அடி அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல விழுகிறது, ஓரத்தில் ஒரு கரகரப்பு. கேமில் அடி அடியாகவே இருக்கிறது. ‘மறுபடி மிக்ஸ் செய்து கொடுங்கள்’ என்று ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, தன்னிடம் வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் இருந்தது என்றார்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சத்தம் கூடினால் நம் காதுக்குக் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் கூடுதலாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டால் சத்தமானதுதான் ‘நன்றாக’ இருப்பதாகத் தோன்றும். ஆனால் டிஜிட்டலில் உச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்ட முடியாது. மிச்சமிருப்பது ஒரே வழி: உச்சங்களை வெட்டிவிட்டு, அடியில் இருப்பதை மேலே தூக்குவது. 16 பிட் சிடியில் சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது. அதில் மேல்தட்டின் ஒரு சின்ன விளிம்பிலேயே முழு ஆல்பமும் குடியிருக்கிறது. பெரிய வீட்டை வாங்கிவிட்டு மொட்டைமாடியில் மட்டும் வாழ்கிற கதை.

இதில் வேடிக்கை, இன்றைக்கு அந்தச் சத்தத்தால் லாபமே இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாட்டுகளையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன; ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு). நசுக்கிய பாட்டின் சத்தத்தை அது இறக்கிவிடும், நசுங்கலை நிமிர்த்தித் தராது. வெட்டுப்பட்ட டிரம்ஸ் மட்டும்தான் மிச்சம். ஓடும் வண்டியில் கேட்பவர்களுக்கு மெதுவான பகுதிகள் காணாமல் போகாது என்ற ஒரு வசதி நசுக்கலுக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அமைதியான அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்பவனுக்கு அது தண்டனை.

மெட்டாலிகாவின் 1988 ஆல்பம், ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’, வேறு விதமான கோளாறு. ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. மிக்ஸ் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்ப்ஸன், டிரம்மர் லார்ஸ் உல்ரிக் சொல்லித்தான் பேஸைக் குறைத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முறைப்படி பார்த்தால் இது ‘டெத் மேக்னடிக்’கைவிடப் பெரிய தவறு, ஒரு மனிதனையே காணவில்லையே! பேஸைச் சேர்த்தோ உயர்த்தியோ ரசிகர்கள் செய்த வடிவங்கள் இணையத்தில் நிறைய உண்டு. கேட்டுப் பார்த்தேன். முழுமையாக, உருண்டு திரண்டு இருந்தது. ரெண்டு தடவைக்கு மேல் போடத் தோன்றவில்லை. அந்த வறட்சியும் எலும்பு தட்டும் சத்தமும் அந்த ஆல்பத்தின் முகமாகவே ஆகிவிட்டன. 2018-இல் மறு மாஸ்டரிங் செய்து வெளியிட்டபோதும் மிக்ஸைத் தொடவில்லை. சரியான முடிவு என்பேன். நியூஸ்டெட் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு.

பீட்டில்ஸின் 1967 ‘சார்ஜன்ட் பெப்பர்’ல் மோனோவா (எல்லாம் ஒரே தடத்தில்) ஸ்டீரியோவா (இடம் வலம் எனப் பிரித்து) என்ற பழைய தகராறு. குழுவினர் கூட இருந்து நேரம் செலவழித்தது மோனோ மிக்ஸுக்கு. ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமல் வேகமாக முடித்தார்கள். ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் கொஞ்சம் வேகமாக, அரை ஸ்வரம் மேலே ஓடும். ஸ்டீரியோவில் அதே பாட்டு இழுத்துக்கொண்டு அழுகிறது. கடைசிக்கு முந்தைய பாட்டின் முடிவில் மெக்கார்ட்னி போடும் கத்தல் மோனோவில்தான் ஒழுங்காகக் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் மோனோ என்னைப் பிடித்து இழுக்கிறது. ஹெட்ஃபோனில் எல்லாம் நடுமண்டையில் குவிந்துவிடுகிறது, அப்போது 2017-இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புது ஸ்டீரியோ மிக்ஸ்தான் கைகொடுக்கிறது. அவர் வழிகாட்டியாக வைத்துக்கொண்டது பழைய மோனோவை என்பதால் எனக்கு அதில் மனக்குறை இல்லை.

பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ பற்றி ஒரு வரி போதும். 1970-இல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஏற்றிய வயலின்களையும் கோரஸையும் 2003-இன் ‘நேக்கட்’ பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பிழைத்தது, பாட்டுகளுக்கு நடுவே இருந்த அரட்டையும் சிரிப்பும் போனதில் ஆல்பத்தின் உயிர் கொஞ்சம் போனது.

அப்புறம் அந்த அடங்காத ஆல்பம். ஸ்டூஜஸ் என்ற ராக் குழுவின் ‘ரா பவர்’, 1973. பாடகர் டேவிட் போவி மிக்ஸ் செய்தார். 24 தடங்களில் மூன்றுதான் பயன்பட்டிருந்தன என்று போவி பின்னாளில் சொன்னார்: குழு ஒன்றில், லீட் கிட்டார் ஒன்றில், குரல் ஒன்றில். அதை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். பேஸும் டிரம்ஸும் மெலிந்து, கிட்டார் மட்டும் திடீரென்று முகத்தில் பாய்கிற மிக்ஸ். 1997-இல் குழுவின் பாடகர் இக்கி பாப் தானே உட்கார்ந்து மறுபடி மிக்ஸ் செய்தார். சத்தம் எல்லை மீறியதைக் காட்டும் சிவப்பிலேயே மீட்டர் முள் நிற்கும்படி, வேண்டுமென்றே. ‘டெத் மேக்னடிக்’குக்கு நான் வாசித்த குற்றப்பத்திரிகை முழுவதும் இதற்கும் பொருந்தும். ஆனாலும் அதைக் கேட்க முடிகிறது!

ஏன் என்று யோசித்ததில், ஒன்று கடிகாரம். ‘ரா பவர்’ சுமார் 34 நிமிடம். ‘டெத் மேக்னடிக்’ ஏறக்குறைய 75. அரைமணி நேரம் யாராவது காதருகில் கத்தினால் அது ஆவேசம். அதுவே ஒன்றேகால் மணி நேரம் என்றால் தலைவலி. இன்னொன்று, மெட்டாலிகாவின் பாட்டுகள் மெதுவாகத் தொடங்கி வெடிப்பவை. தொடக்கத்தையும் வெடிப்பையும் ஒரே உயரத்தில் வைத்தால் பாட்டின் திட்டமே குலைகிறது. ஸ்டூஜஸ் முதல் நொடியிலிருந்தே வெடிப்பவர்கள். அவர்களிடம் நசுக்குவதற்குப் பள்ளம் அதிகமில்லை.

இருந்தாலும் 2010-இல் போவி மிக்ஸ் மறு மாஸ்டரிங்கோடு திரும்பி வந்த பிறகு, நான் அதிகம் போடுவது அதைத்தான். இக்கியின் மிக்ஸ் பாத்திரம் தேய்க்கும்போது.