ஹட்டனில் வாங்கிய டிக்கெட் கட்டுநாயக்கவில் செல்லவில்லை

கையில் தாள் இருக்கிறது, தாளில் பெயர் இருக்கிறது, ஆகவே விமான டிக்கெட் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாசம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அம்மாவின் அக்கா, அதாவது எங்கள் பெரியம்மா, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போனவர். 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவில், 3,00,000 பேர் இங்கே இலங்கையில் என்று எங்கள் மலையகத் தோட்டச் சனத்தைப் பங்கு போட்டதில், ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒரு காம்பரா (அறை) அந்தப் பக்கம், ஒரு காம்பரா இந்தப் பக்கம் என்று ஆகிவிட்டது. பெரியம்மா கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார் போய்க் கப்பல் ஏறும்போது அம்மாவுக்குப் பத்து வயது. அந்தக் கப்பலும் 1984இல் நின்றுபோனது. இப்போது பெரியம்மாவின் பேத்திக்குக் கல்யாணம் என்று அழைப்பு வந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா கடவுச்சீட்டு எடுத்தார். கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதியில் மிச்சமிருந்த காசில்தான் பயணம்.

டிக்கெட் வாங்கியது ஹட்டன் டவுனில் ஒரு ஏஜென்டின் மாடிக் கடையில். திருச்சிக்குப் போக வர மற்ற இடங்களில் 60,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். இவர் 52,000 என்றார். "காசா தந்தா இந்த வெலைக்குச் செய்யலாம் தம்பி." கொடுத்தேன். துண்டுத் தாளில் கையால் எழுதி ஒரு பற்றுச்சீட்டு தந்தார். அதில் கடையின் பெயர்கூட இல்லை. அப்புறம் ஒரு பெரிய தாள்: அம்மாவின் பெயர், தேதி, விமான இலக்கம், ஆறு எழுத்தில் முன்பதிவுக் குறியீடு, பக்கத்தில் 'கன்ஃபர்ம்ட்'.

நான் சும்மா இருந்துவிடவில்லை. விமான நிறுவனத்தின் தளத்திலேயே குறியீட்டையும் குடும்பப் பெயரையும் போட்டுப் பார்த்தேன். (நம் ஆட்களுக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர். அதைத்தான் போட வேண்டும்.) அம்மாவின் பெயர் வந்தது. நிம்மதியாகிவிட்டேன். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, "நேரம் கொஞ்சம் மாறியிருக்கு" என்று வாட்ஸ்அப்பில் புதுத் தாள் அனுப்பினார். நேரம் பத்து நிமிஷம்தான் மாறியிருந்தது. ஆறு எழுத்துக் குறியீடு முழுசாக மாறியிருந்ததை நான் பார்க்கவில்லை.

இரவு பத்து மணிக்கு வேனில் கிளம்பி, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் தாளைப் பார்த்தார்கள், அம்மாவை உள்ளே விட்டார்கள். என்னை விடவில்லை. அரை மணி நேரத்தில் அம்மாவிடமிருந்து போன்: "தம்பி, டிக்கெட்டு இருக்கு, ஆனா இல்லைங்கிறாங்க."

அந்த வாக்கியம்தான் உண்மை. ஏஜென்ட் தன் கணினியில் ஒரு இருக்கையைப் பிடித்து வைக்கலாம். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. பெயரும் குறியீடும் 'கன்ஃபர்ம்ட்' என்ற சொல்லும் அப்போதே வந்துவிடும். ஆனால் குறித்த கெடுவுக்குள் காசு கட்டி டிக்கெட் வெட்டாவிட்டால், அதாவது பிடித்த இருக்கையை உண்மையான டிக்கெட்டாக்காவிட்டால், கணினி தானாகவே அந்த இருக்கையை ரத்துச் செய்துவிடும். எங்கள் காசை அவர் வேறு யாருக்கோ வளைகுடா டிக்கெட் போடப் பயன்படுத்தியிருக்கிறார். முதல் பிடிப்பு ரத்தானதும் இரண்டாவது பிடித்திருக்கிறார். அதுதான் அந்த 'நேர மாற்றம்'. அதுவும் ரத்தானது.

வெட்டிய டிக்கெட்டுக்கு 13 இலக்கங்களில் ஒரு நம்பர் இருக்கும். முதல் மூன்றும் விமான நிறுவனத்தின் எண், ஸ்ரீலங்கனுக்கு 603. எங்கள் தாளில் அப்படி எதுவுமே இல்லை, நானும் தேடவில்லை. 2008 ஜூனிலேயே சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் காகித டிக்கெட்டை நிறுத்திவிட்டது. டிக்கெட் இருப்பது விமான நிறுவனத்தின் கணினியில். நம் கையில் இருப்பது அதன் நகல், சில கடைகளில் நகல்கூட இல்லை. காசு கொடுத்த அன்றைக்கே அந்த நம்பரைக் கேளுங்கள். "ரெண்டு நாள்ல வரும்" என்றால் காசையும் இரண்டு நாள் கழித்தே கொடுங்கள், அதுவும் கடையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு. நம்பர் வந்த பிறகு விமான நிறுவனத்துக்கே போன் எடுத்து, டிக்கெட் வெட்டியாகிவிட்டதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

விலையும் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் ஏஜென்டுகளுக்குக் கொடுக்கும் கமிஷனைப் பல வருஷமாகக் குறைத்துக்கொண்டே வருகின்றன. ஊரெல்லாம் 60,000க்கு விற்பதை 8,000 குறைத்துத் தர இவருக்கு எங்கிருந்து வரும்? மரக்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற எனக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

கவுன்டர் மூட இன்னும் முக்கால் மணி நேரம்தான். அன்றைய விமானத்தில் இடமும் இல்லை. அம்மா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அழவில்லை. பெரியம்மாவுக்கு எடுத்துவைத்த தேயிலைப் பக்கெட்டுகளை மட்டும் அவிசாவளை வரை மடியிலேயே வைத்திருந்தார்.

ஆறு நாள் கழித்து, விமான நிறுவனத்திடமே 71,000க்கு வாங்கி அனுப்பினேன். கல்யாணம் முடிந்திருந்தது. ஏஜென்ட் இரண்டு தவணையில் 30,000 திருப்பித் தந்தார். மிச்சம் 22,000க்கு நான் எடுத்தால் போன் எடுப்பதில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது, சம்பளம் போட்ட வாரத்தில் படிக்கட்டில் வரிசைகூட நிற்கிறது.

அம்மா இன்னும் கூடலூரில் இருக்கிறார். திரும்பும் டிக்கெட்டின் நம்பரைப் பெரியம்மா வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்கச் சொன்னேன். போன் எடுக்கும்போதெல்லாம், நான் கேட்காமலே, ஆறு பூஜ்யம் மூன்று என்று தொடங்கிப் பதின்மூன்றையும் வாசித்துக் காட்டுகிறார்.