10224 மெகாஹெர்ட்ஸ் எல்ஓ: குவால்காம் பலகையா, பிரிக்கா, ஏடிஎஃப்4351-ஆ?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 10 கிகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோ பேண்டில் சைடுபேண்ட் பேச்சும் மோர்ஸும் 10368 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியே நடக்கின்றன. 144 மெகாஹெர்ட்ஸ் ரிக்கை, அதாவது ரேடியோவை, பின்னால் வைத்து அங்கே போக, அலைவரிசையை மாற்றித் தரும் டிரான்ஸ்வெர்ட்டருக்கு 10224-இல் எல்ஓ (லோக்கல் ஆஸிலேட்டர்) வேண்டும். அதை 2556-இல் உருவாக்கி நான்கால் பெருக்கலாம், அல்லது நேராக 10224-இலேயே எடுக்கலாம். பழைய கருவிகள் விற்கும் சர்ப்ளஸ் சந்தையில் இரண்டுக்கும் பொருள் உண்டு: முதலாவதற்குக் குவால்காம் பலகை, இரண்டாவதற்குப் பிரிக். புதிதாக வாங்கும் மலிவுப் பலகையான ஏடிஎஃப்4351-உம் போட்டிக்கு வருகிறது.

முதலில் குவால்காம். லாரிகளைச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்புகொள்ள 1988-இல் தொடங்கிய ஆம்னிட்ராக்ஸ் கருவிகளிலிருந்து கழற்றிய சிந்தசைசர் (அலைவரிசை உருவாக்கும்) பலகைகள் இவை. 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ், 2.5 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்து விசிஓ (வோல்டேஜால் அலைவரிசை மாறும் ஆஸிலேட்டர்), அதை வகுத்து ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டுப் பூட்டி வைக்கும் குவால்காமின் சொந்த பிஎல்எல் சிப். இந்தச் சிப் குடும்பத்தின் பெரிய வசதி, மைக்ரோகன்ட்ரோலரே இல்லாமல் பின்களை 5 வோல்ட்டுக்கோ தரைக்கோ கட்டியே அலைவரிசையை நிர்ணயிக்கலாம் என்பது. எம், ஏ, ஆர் என்ற பின் குழுக்கள் தரும் எண்களில் கணக்கு: வகுக்கும் எண் = 10 × (எம் + 1) + ஏ. ரெஃபரன்ஸை வகுப்பது ஆர் + 1.

விசிஓ-வுக்கும் சிப்புக்கும் நடுவில் 2 ஆல் வகுக்கும் ப்ரீஸ்கேலர் இருந்தால் சிப் பார்ப்பது 1278 மெகாஹெர்ட்ஸ். ஆர் = 9 வைத்தால் ஒப்பீடு 1 மெகாஹெர்ட்ஸில் நடக்கும்; எம் = 126, ஏ = 8. அதாவது எம் பின்கள் ஏழில் எம்0 மட்டும் தரைக்கு, மற்ற ஆறும் 5 வோல்ட்டுக்கு. ஏ-யில் ஏ3 மட்டும் மேலே. ஆரில் ஆர்0, ஆர்3 மேலே, நடுவில் உள்ள இரண்டும் தரைக்கு. பழைய தடங்கள் இந்தப் பின்களை வேறு எதனுடனோ இணைத்திருக்கும். சால்டரை உருக்கி, ஊசியால் காலைத் தூக்கிய பிறகே கம்பி இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பேட் உரிந்து வரும்.

லாக் ஆகவில்லை, அதாவது விசிஓ ரெஃபரன்ஸோடு பூட்டிக்கொள்ளவில்லை என்றால் விசிஓ-வின் ட்யூனிங் வோல்டேஜை அளக்கவும். அது ஒரு ஓரத்தில் ஒட்டி நின்றால் பிஎல்எல் மேல் பழி இல்லை, விசிஓ அந்த அலைவரிசைக்கு எட்டவில்லை. ரெசனேட்டர் மேல் சிறு செம்புத் தகடு சேர்த்தோ, ஓரத்தை வெட்டியோ இழுத்துவர வேண்டும்.

பிரிக் என்பது இன்னும் பழைய சரக்கு. தொலைபேசி மைக்ரோவேவ் இணைப்புகளிலிருந்து வந்த ஃப்ரீக்வென்சி வெஸ்ட் போன்ற உலோகக் கட்டிகள். உள்ளே ஓவனில் ஒரு கிரிஸ்டல், கேவிட்டி (உலோகக் குழிவு) ஆஸிலேட்டர், பெருக்கி, ஃபில்டர். வெளியே வருவது நேராக 10 கிகாஹெர்ட்ஸ். பெருக்கும் வேலையும் பக்க அலைகளை வடிக்கும் வேலையும் மிச்சம். லேபிளில் உள்ள வெளியீட்டைக் கிரிஸ்டல் அலைவரிசையால் வகுத்தால் பெருக்கெண் கிடைக்கும். அது 96 என்றால் 106.5 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 108 என்றால் 94.6667. ஓவன் வெப்பத்துக்கு ஏற்ப வெட்டிய கிரிஸ்டலாகக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சூடானதும் எண் நகர்ந்துவிடும்.

பிறகு கேவிட்டி திருகு. மெதுவாகத் திருப்பும்போது ஃபேஸ் வோல்டேஜ் (லாக்கைக் காட்டும் வோல்டேஜ்) சீராக ஏறி இறங்கினால் லாக் ஆகியிருக்கிறது. தாறுமாறாக ஆடினால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

இதன் தலைவலி மின்சாரம். பெரும்பாலானவை −20 வோல்ட் கேட்கும், அதாவது உடல்தான் பாசிட்டிவ். மடிக்கணினி அடாப்டரின் 19.5 வோல்ட் போதும் என்று பாசிட்டிவைக் கட்டியின் உடலோடு கட்டுவதற்கு முன், அடாப்டரின் நெகட்டிவுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்க்கவும். மூன்று பின் அடாப்டர்கள் பலவற்றில் இரண்டும் ஒன்று. பார்க்காமல் எர்த் ஆன ரிக்கோடு இணைத்தால் நேர் ஷார்ட்.

ஏடிஎஃப்4351 பலகை 35 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் தரும். 2556-க்குப் பலகையிலுள்ள 25 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸிலேயே வகுக்கும் எண் கிடைக்கும்: முழு எண் 102, பின்னம் 6/25. ஆனால் அந்த ஆஸிலேட்டர் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தவறினால் 10 கிகாஹெர்ட்ஸில் 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். எதிர்முனையைத் தேடியே பொழுது போகும். அதன் இணைப்பை வெட்டி, ஜிபிஎஸ் கட்டுப்படுத்தும் 10 மெகாஹெர்ட்ஸை 1 நானோஃபாரட் வழியாகக் கொடுக்கவும்: முழு எண் 255, பின்னம் 3/5. பின்னத்தால் வரும் ஸ்பர்கள், அதாவது வேண்டாத பக்க அலைகள், 2 மெகாஹெர்ட்ஸ் தள்ளியே விழும், பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை. முழு எண் முறைதான் சுத்தம் என்று ஒப்பீட்டை 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் வகுக்கும் எண் 1278 ஆகிறது, லூப்புக்குள் சுமார் 7 டெசிபெல் நாய்ஸ் கூடுகிறது. வேண்டாம்.

சிப்பின் பதிவேடுகளை (ரெஜிஸ்டர்களை) 5-இலிருந்து 0 வரை இறங்குவரிசையில் எழுத வேண்டும், மின்சாரம் வந்த ஒவ்வொரு முறையும். விசிஓ பட்டையைத் தேர்வு செய்யும் பேண்ட் செலக்ட் கிளாக் வழக்கமான முறையில் 125 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக்கூடாது: அதை வகுக்கும் எண் 10 மெகாஹெர்ட்ஸுக்கு 80, 25-க்கு 200. 80-ஐ அப்படியே விட்டு 25-க்கு மாறினால் விசிஓ தவறான பட்டையைப் பிடிக்கலாம், லாக் எல்இடி எரியாமல் போகலாம். 5 வோல்ட் ஆர்டுயினோ என்றால் ஒவ்வொரு கோட்டிலும் 1 கிலோஓம், 1.8 கிலோஓம் பிரிப்பான் கட்டாயம், சிப் 3.3 வோல்ட்காரர்.

குறை எங்கே? அகலமாக ஓடும் விசிஓ-வில் நாய்ஸ் அதிகம். 2.2 கிகாஹெர்ட்ஸில் 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி −114 டெசிபெல் என்கிறது டேட்டாஷீட். 2556-க்கு ஏறி நான்கால் பெருக்கியபின் சுமார் −101. பக்கத்தில் பலமான நிலையம் இருக்கும் மலையுச்சியில் இது உறுத்தும். தனியாக ஒரு பீக்கனை (தானாகத் தொடர்ந்து ஒலிபரப்பும் நிலையத்தை) கேட்பதற்குத் தெரியவே தெரியாது.

மலையேறி பேட்டரியில் இயக்குபவருக்குக் குவால்காம். வீட்டிலேயே இரவு பகலாக ஓடும் பீக்கனுக்கு, லேபிள் எண் 10.2 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில் இருந்தால் மட்டும் பிரிக். இன்று 2556, நாளை வேறு என்று சோதித்துக்கொண்டே இருப்பவருக்கு ஏடிஎஃப்4351.

25.9 டிகிரி கிழக்கில் நிற்கும் அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோள் கியூஓ-100, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மேற்கு வானில் எட்டும். அதைக் கேட்க, டிஷ் ஆன்டெனாவில் பொருத்தும் எல்என்பி-யின் 25 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸை இந்த ஏடிஎஃப் பலகையிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று சிலர் வாங்குவதுண்டு. அதன் கீழ் எல்லை 35 மெகாஹெர்ட்ஸ். 25 அதில் வராது.