சிவப்புக் கருங்கல் என்று சொல்லி விற்கப்படும் மணற்கல்: வாங்குமுன் கவனியுங்கள்

கிளிநொச்சியில் நாங்கள் கட்டிய வீட்டின் வாசற்படிகளுக்கும் முன்விறாந்தைக்கும் சென்ற ஆண்டு சிவப்புப் பலகைக் கற்களை வாங்கினோம். இந்தியாவிலிருந்து வந்த சிவப்புக் கருங்கல் என்று விற்றவர் உறுதி கூறினார். ஒரு மாரி கழிவதற்குள் படியின் விளிம்பு ஏடு ஏடாகக் கழன்றது. கூட்டும்போதெல்லாம் தும்புத்தடியோடு சிவந்த மணல் வந்தது. அது மணற்கல்.

வன்னியில் நாம் பழகியது கருங்கல்லும், மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லுமே என்பதால், இந்தக் கல்லை எங்கள் மேசனாருக்கும் அடையாளம் தெரியவில்லை. விற்றவர் அந்தக் கல்லால் ஒரு கண்ணாடித் துண்டைக் கீறிக் காட்டியே எங்களை நம்பவைத்தார். மணற்கல்லின் மணிகள் பெரும்பாலும் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ். 1 முதல் 10 வரையான மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7, கண்ணாடியினது ஏறத்தாழ 5.5. ஆகவே எவ்வளவு உக்கிய மணற்கல்லும் கண்ணாடியைக் கீறும். மணிகள் கடினமானவை என்பதை மட்டுமே அது காட்டும். அவற்றைப் பிணைத்திருக்கும் பசை உறுதியானதா என்பதைக் காட்டாது.

கழன்ற துண்டொன்றை இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கி, அடியில் ஒரு பிடி மணல் படிந்திருந்தது. களிமண் பிணைத்த கல் நீரில் இப்படித்தான் இளகும். குவார்ட்ஸ் ஆகியிருக்கும் அதே பொருளான சிலிக்கா பிணைத்தது நெடுங்காலம் நிற்கும். தில்லிச் செங்கோட்டையின் மதில்களும் சிவப்பு மணற்கல்லே. சுண்ணாம்பு பிணைத்திருந்தால், நீர்த்த அமிலம் ஒரு துளி பட்டதும் நுரைக்கும். சிவப்பு நிறம் இரும்பு ஒட்சைட்டால் வருவது. அதை வைத்து உறுதியை அளக்க முடியாது.

வார்னிஷ் பூசிய முகத்தைப் பார்த்து ஏமாறாமல், புதிதாக உடைத்த முகத்தைக் காட்டும்படி கேளுங்கள். கருங்கல்லில் வெள்ளையும் கறுப்புமான, சிவப்புக் கருங்கல்லாயின் சிவந்தவையுமான பளிங்குகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பூட்டிக் கிடக்கும். மணற்கல்லில் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத மணிகள் தனித்தனியாகத் தெரியும். பிணைப்பு நலிந்ததாயின் பெருவிரலால் தேய்த்தாலே உதிரும். ஒரு துளி தண்ணீரை விட்டால், நுண்துளை மிகுந்த கல் உடனே உறிஞ்சிவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, விற்றவர் எங்கள் பற்றுச்சீட்டையே எடுத்துக் காட்டினார். அதில் "சிவப்புக் கல்" என்று மட்டுமே எழுதியிருந்தது. கல்லின் பெயரைப் பற்றுச்சீட்டில் முழுமையாக எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.