ரெசினுக்குள் எதைப் போடலாம்: பூவா, மஞ்சாடியா?

நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்க ரெசினில், அதாவது ஹார்டனர் கலந்து மோல்ட் என்கிற அச்சில் ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் திரவத்தில், கீசெயின் செய்யலாம் என்று முடிவானதும், உள்ளே எதைப் பதிப்பது என்ற கேள்வி வந்தது. காய்ந்த பூ, சோழி, சின்னதாக அச்சடித்த அம்மன் படம், மஞ்சாடி விதை என்று நாலு யோசனை. நான் மஞ்சாடியை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தக் கட்சிதான், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

அழகில் பூதான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. படத்தையும் சோழியையும் சீக்கிரம் முடித்துவிடலாம். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் மை கசியும், தாள் ரெசினைக் குடித்துத் திட்டுத் திட்டாகிவிடும். லேசர் பிரிண்ட் எடுத்து, இரண்டு பக்கமும் ஓரமும் விடாமல் ஃபெவிகால் பூசிக் காயவைத்தால் தப்பிக்கும். சோழிக்குள் காற்று அடைந்திருக்கும். ரெசின் ஊற்றியதும் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும். முதலில் அதன் வாய்க்குள் கொஞ்சம் ரெசின் விட்டு இறுகவைக்க வேண்டும். கடற்கரைக் கடைகளில் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: பவளமும் கடல்குதிரையும் சில சங்கு வகைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம்.

சரி, பூவுக்கும் மஞ்சாடிக்கும் வருவோம். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஈரம்.

பூவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடிவைத்தால் நன்றாகவே காயும். இதழ் முதலில் காய்ந்துவிடும். காம்பை ஒட்டிய தடித்த பகுதி கடைசிவரை ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கிறதே என்று நம்பி ஊற்றினால் அங்கேதான் வினை. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். தடிமனாக ஊற்ற ஊற்றச் சூடும் கூடும். மிச்சமிருந்த ஈரம் குமிழியாகும், பூவைச் சுற்றிப் புகை படிந்தாற்போல் மங்கும், இதழ் பழுப்பேறும். போதாததற்கு, சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காய்ந்த பூவை வெளியே எடுத்து வைத்தாலே காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நவராத்திரி சமயத்துப் புழுக்கத்தைக் கேட்கவே வேண்டாம். இதில் மோசமான சங்கதி, சில பூக்கள் பழுப்பேறுவது உடனே தெரியாது. பரிசாகக் கொடுத்து, வாங்கியவர் சாவிக்கொத்தில் மாட்டிய பிறகுதான் தெரியும். அப்போது உள்ளே கைவிட்டுத் திருத்த வழியே கிடையாது.

மஞ்சாடிக்கு இந்தத் தொல்லை இல்லை. காய் மரத்திலேயே வெடித்து, விதை காய்ந்துதான் கீழே விழுகிறது. தோல் எவ்வளவு இறுக்கம் என்றால், அதை முளைக்க வைக்கவே உரசவோ வெந்நீரில் போடவோ வேண்டும். வெளியிலிருந்து தண்ணீரே எளிதில் நுழையாத விதையிலிருந்து ரெசினுக்குள் ஈரம் கசிவது எங்கே? நிறமும் அப்படித்தான். பாட்டி காலத்துப் பல்லாங்குழிப் பெட்டியைத் திறந்து பாருங்கள், சிவப்பு அப்படியே இருக்கும். பூச்சி துளைத்த விதைகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அந்தத் துளையிலிருந்து குமிழி வரும்.

ஊற்றுவதிலும் வேலை குறைவு. காய்ந்த பூ ரெசினில் மிதக்கும், அதனால் இரண்டு அடுக்காக ஊற்றி நடுவில் காத்திருக்க வேண்டும். மஞ்சாடி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மோல்டின் அடிப்பக்கம்தானே நமக்கு முன்பக்கம்! ஒரே ஊற்றில் முடிந்துவிடும். நாளாக ஆக ரெசின் லேசாக மஞ்சளிக்கும் என்பது தெரிந்ததே. வெள்ளைப் பூவைச் சுற்றி அது பளிச்சென்று தெரியும், சிவப்பு விதைக்கு நடுவே கண்ணில் படாது.

குறை இல்லாமல் இல்லை. சிலர் பார்த்ததும் பிளாஸ்டிக் மணியா என்று கேட்பார்கள். ஒரே நிறம் அலுக்கும். அப்புறம், கறுப்புக் கண் உள்ள குன்றிமணியை மஞ்சாடிக்குப் பதிலாகப் போடாதீர்கள். அழகுதான், ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு. ரெசினுக்குள் அடைபட்டிருக்கிறதே என்று தோன்றலாம். வளையம் மாட்ட ஹேண்ட் டிரில்லால் துளை போடும்போது விதை உடைந்தால் தூள் கையிலும் மேசையிலும் விழும்.

கல்யாண மாலையைப் பதித்துக் கொடுங்கள் என்று வந்தால் மஞ்சாடி உதவாது, பூதான் வேண்டும். அப்போது துலுக்கச் சாமந்தி இதழை முன்னால் வைப்பேன், அதன் மஞ்சளும் ஆரஞ்சும் ஓரளவு நிற்கும். வாடாமல்லியும் நன்றாக வருகிறது, ஆனால் பல வருடம் தாங்குமா என்று சொல்ல என் அனுபவம் போதாது. சிவப்பு ரோஜா கறுத்துக் கருஞ்சிவப்பாகிவிடும். மல்லிகைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம், அது வெள்ளையாக இருக்காது என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லி, ஏற்கெனவே செய்த ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டிவிடுங்கள்.